பொடக்காளியில் ஒரு சினிமாக் கொட்டகை



சென்ற வைகாசி மாதம் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல், கடன் திருப்பம் எல்லாம் எழுதி முடிந்தபின், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு உறுப்பினர் எழுந்து உள்கடன் கேட்டார். தொகை 40 ஆயிரம். எதற்கு என்று ஊக்குநர் கேட்டதும், "படம் காட்டற மிசினு வாங்கோணுங்க" என்றார். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. இருபது வருஷம் விசைத்தறியில் நின்று வேலை பார்த்து இடுப்பு போய்விட்டது. இனி தறிக்குப் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளி சும்மாதான் கிடக்கிறது. வாரம் ஒரு படம், ஆளுக்குப் பத்து ரூபாய். கடனை அடைத்து மீதியில் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கில் எது சரி, எது தப்பு என்று பார்க்கப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது. கடைசியில் அந்தக் குழு ஒரு திரையைக் கட்டியது, படமும் பார்த்தது. ஆனால் 40 ஆயிரம் கடன் எடுக்கவில்லை.

அவர் கேட்டது புதிதும் அல்ல. 1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே ஊழியர் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டியவரும் அவர்தான். அதற்கப்புறம் வந்த டூரிங் டாக்கீஸ்களை நம் அம்மாக்கள் நன்றாக அறிவார்கள். கீற்றுக் கொட்டகை, தரை டிக்கெட், மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவது, பெண்கள் பக்கம் தனித் தடுப்பு. அந்தக் கொட்டகைகள் போன பிறகு நம் கிராமத்துப் பெண்கள் வெளியில் போய்ப் படம் பார்ப்பது குறைந்துவிட்டது. டவுன் தியேட்டரில் இரவுக் காட்சி முடிந்தால் திரும்பி வரப் பஸ் கிடையாது. வீட்டில் டி.வி. இருக்கிறது, கையில் செல் இருக்கிறது என்பார்கள். ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் திரை

எல்லாரும் மிசினைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நாங்கள் திரையிலிருந்து தொடங்கச் சொல்வோம். திரை நம் கையால் செய்வது, செலவும் குறைவு.

இப்போது வரும் படங்களின் அளவு அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு. எட்டடி அகலம் வைத்தால் உயரம் நாலரை அடி. மூலைக்கு மூலை அளந்தால் 110 அங்குலம் வரும். இருபது முப்பது பேர் உட்கார இது தாராளம்.

துணிக்குக் கடைகளில் கிடைக்கும் இரட்டைக் கட்டில் வெள்ளைப் பெட்ஷீட் போதும். 90-க்கு 108 அங்குலம் அளவில் கேட்டு வாங்குங்கள். அகலம் ஒன்பது அடி வருவதால் நடுவில் தையல் போட வேண்டாம். முதலில் நாங்கள் சிக்கனம் என்று காடாத் துணியை இரண்டு துண்டு சேர்த்துத் தைத்தோம். படம் முழுக்க எல்லார் மூக்கின் மேலும் ஒரு கோடு ஓடியது! பூப்போட்டது, பளபளப்பானது வேண்டாம். மிச்சத் துணியை வெட்டிவிட்டு, நாலு ஓரத்திலும் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புத் துணியைப் பட்டியாக வைத்துத் தைத்தால் படம் எடுப்பாகத் தெரியும். திரைக்குப் பின்னால் தெருவிளக்கோ அடுத்த வீட்டு விளக்கோ இருந்தால் வெளிச்சம் துணி வழியே இந்தப் பக்கம் வரும். பழைய கருநீலச் சேலை ஒன்றைப் பின்னால் சேர்த்துக் கட்டினால் நின்றுவிடும்.

கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் வைத்த பிளெக்ஸ் பேனர்களின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று கேட்கிறீர்கள். ஆகும். ஆனால் அது மினுங்கும். நடுவில் வெளிச்சம் குண்டாகத் தெரியும். மடித்த மடிப்பும் போகாது. எல்லாவற்றையும்விட நல்லது, மேடு பள்ளம் இல்லாத சுவரில் பளபளப்பில்லாத வெள்ளை டிஸ்டெம்பர் அடிப்பது. காற்றுக்கு ஆடாது, கட்டி அவிழ்க்கும் வேலையும் இல்லை. அப்படிச் சுவர் இருக்கிற சகோதரிகள் துணியைப் பற்றிய பகுதியை விட்டுவிடலாம்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் அது எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஐம்பது சதுர அடித் துணியின் மேல் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக அடித்தால் சுமார் 20 கிலோ எடை கொண்டு தள்ளுவதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்காகும். பாய்மரம் போலத்தான். அந்தக் குழுவில் முதல் நாள் சும்மா இரண்டு மூங்கிலை நட்டுக் கட்டினோம். அரைமணி நேரத்தில் ஒரு மூங்கில் சாய்ந்து, பாயில் படுத்திருந்த குழந்தைகளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அன்றைக்குப் படம் பார்க்காமல் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். தப்பு எங்களுடையதுதான்.

இரண்டாம் முறை இப்படிச் செய்தோம். பத்தடி மூங்கில் இரண்டு. இரண்டடி ஆழக் குழியில் கல் போட்டு இறுக்கியது. ஒவ்வொரு மூங்கிலின் தலையிலிருந்தும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாகக் கயிற்றைச் சாய்வாக இழுத்து, ஆடு கட்டுகிற முளைக்குச்சியில் கட்டியது. மேலே குறுக்காக ஒரு மூங்கில். துணியை மூங்கிலோடு நேரடியாகக் கட்டவில்லை. சைக்கிள் கடையில் தூக்கிப் போட்ட பழைய டியூபை வளையம் வளையமாக வெட்டி, துணியின் காதுக்கும் மூங்கிலுக்கும் நடுவில் மாட்டினோம். காற்று அடிக்கும்போது டியூப் இழுபட்டுக் கொடுக்கும். பிறகு தானே இழுத்துச் சுருக்கமில்லாமல் நிறுத்தும். கீழ் ஓரத்தில் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பைப்பைச் செருகிவிட்டோம். இவ்வளவு செய்தாலும், மரத்தில் கிளைகள் ஆட ஆரம்பித்தால் திரையை இறக்கிவிட வேண்டியதுதான். குழந்தைகளைத் திரைக்கு ஒட்டி உட்கார வைக்காதீர்கள். எட்டடி தள்ளிப் பாய் போடுங்கள்.

மிசின் வாங்கும் முன்

கடைகளில் ஆறாயிரம் ரூபாய்க்கும் புரொஜெக்டர் இருக்கிறது, அறுபதாயிரத்துக்கும் இருக்கிறது. அட்டைப் பெட்டியில் எல்லாமே பெரிய எண்ணாகப் போட்டிருப்பார்கள். நம்ப வேண்டாம். மூன்று விஷயம் கேளுங்கள்.

முதலாவது வெளிச்சம். இதை லுமென் என்ற அளவில் சொல்வார்கள். திரையில் சதுர அடிக்கு 16 லுமென் விழுந்தால் தியேட்டர் அளவுக்குத் தெரியும் என்பது கணக்கு. நம் திரை எட்டு தர நாலரை, 36 சதுர அடி. 36-ஐ 16-ஆல் பெருக்கினால் 576. அதாவது நல்ல இருட்டில் அறுநூறு லுமென் போதும். அப்படியானால் பெட்டியில் 9,000 என்று போட்ட ஆறாயிரம் ரூபாய் மிசினில் படம் ஏன் மங்கலாக இருக்கிறது? அந்த எண்ணை அளந்து போடவில்லை, வாய்க்கு வந்ததைப் போட்டிருக்கிறார்கள். 'ஆன்சி லுமென்' எவ்வளவு என்று கேளுங்கள். அது முறைப்படி அளந்தது. கடைக்காரர் பேச்சை மாற்றினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

இரண்டாவது தெளிவு. '4கே சப்போர்ட்' என்று எழுதியிருப்பார்கள். 4கே படத்தை மிசின் வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் பொருள். அதே தெளிவோடு காட்டும் என்று அர்த்தமில்லை. 'நேட்டிவ்' எவ்வளவு என்று கேட்க வேண்டும். பெரிய திரைக்கு 1,080 வரி இருந்தால் நல்லது. 480 வரி மிசினில் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியும்.

மூன்றாவது தூரம். 'த்ரோ ரேஷியோ' என்று ஒரு எண் இருக்கும். அதைத் திரையின் அகலத்தால் பெருக்கினால் மிசினை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது வந்துவிடும். எண் 1.5 என்றால் எட்டடித் திரைக்குப் பன்னிரண்டடி. பொடக்காளியில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே அடி அளந்து பாருங்கள்.

இருட்டைப் பற்றி ஒரு சேதி. புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைக் காட்ட முடியாது. வெளிச்சத்தைத்தான் காட்டும். வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. ஆகவே தெருவிளக்கு திரையில் விழுந்தால் கறுப்பு எல்லாம் சாம்பல் ஆகிவிடும். கதாநாயகியின் கூந்தல் நரைத்த மாதிரி இருக்கும். அதிகப் பணம் கொடுத்துப் பெரிய மிசின் வாங்குவதைவிட, திரையின் முகத்தை விளக்குக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புவது மேல். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்தே தொடங்க வேண்டும்.

மிசினை உயரமாக வைக்கத் தேவையில்லை. பெரும்பாலான மிசின்களில் வெளிச்சம் கண்ணாடியின் மட்டத்திலிருந்து மேல்நோக்கித்தான் போகும். திரையின் கீழ் ஓரம் தரையிலிருந்து மூன்றரை அடி, மிசினும் கிட்டத்தட்ட அதே மட்டத்தில் மேசை மேல். பாயில் உட்கார்ந்தவர் தலை வெளிச்சத்தில் குறுக்கிடாது. நாற்காலி வேண்டும் என்கிற பெரியவர்களுக்கு மிசினுக்குப் பின்னால் போடுங்கள். மிசினைச் சாய்த்து வைத்தால் படம் ஒரு பக்கம் அகன்று முறம் மாதிரி ஆகிவிடும். சரிசெய்ய பட்டன் உண்டு, ஆனால் தெளிவு குறையும். நேராக வைத்துப் பழகுங்கள்.

சத்தத்துக்கு இரண்டு சிறிய ஸ்பீக்கர், திரைக்கு இரு பக்கமும். செல்போனிலிருந்து புளூடூத்தில் போட்டால் சில சமயம் உதடு அசைந்த பிறகு பேச்சு வரும், ஒயர் போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

கரண்டு

இதில் மட்டும் யாரும் துணிச்சல் காட்ட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பயிற்சி முகாம் ஒன்றில் நாங்களே படம் போட்டோம். எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பாயின் ஓரத்தில் தரையில் வைத்திருந்தோம். தண்ணீர்ச் சொம்பு கொண்டுவந்த சிறுமி இருட்டில் ஒயர் தடுக்கி விழுந்தாள். தண்ணீர் பெட்டி மேல் கொட்டியது. தூக்கிவிடப் போன உறுப்பினரின் கையை உதறித் தள்ளியது. யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரவு எங்களில் யாரும் தூங்கவில்லை.

வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்ற கருவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும். கரண்டு உடம்பு வழியாகத் தரைக்குப் போனால் கண் இமைக்கும் நேரத்தில் அதுவே அணைத்துவிடும். இல்லையென்றால் எலக்ட்ரீசியனை வைத்து மாட்டுங்கள். 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒயர் மூன்று கம்பி உள்ளதாக, எர்த்தோடு இருக்க வேண்டும். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை உடைத்துச் செருகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெட்டியைச் சுவரில் ஆணியில் மாட்டுங்கள், அல்லது ஸ்டூல் மேல் வையுங்கள். ஆள் நடக்கிற வழியில் ஒயர் போகவே கூடாது. வேலி ஓரமாகச் சுற்றிக் கொண்டு வாருங்கள். லைனில் கொக்கி போடுவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி திருட்டு. அதைவிட முக்கியம், அதில் செத்தவர்கள் நிறையப் பேர்.

மார்கழிப் பனியில் மிசின் நனையும். மேலே நாலு குச்சி நட்டுத் தார்ப்பாய்க் கூரை போடுங்கள். மிசினை மூடிவிடாதீர்கள், சூட்டுக் காற்று வெளியே போக வேண்டும். மழை பெய்த மறுநாள் ஈசல் வரும். தோட்டத்தின் அந்தக் கோடியில் ஒரு குண்டு பல்பைப் போட்டுவிட்டால் பாதி ஈசல் அங்கே போய்விடும். மீதிப் பாதி படம் பார்க்கும்.

டிக்கெட் போடலாமா?

தறிக்கார அக்காவின் கணக்கு தவறியது இந்த இடத்தில்தான். சொந்த வீட்டில் குடும்பத்தோடும் உறவோடும் பார்ப்பதை யாரும் கேட்கப் போவதில்லை. ஊரைக் கூட்டிக் காசு வாங்கினால் அது வேறு. தமிழ்நாட்டில் பொதுக்காட்சி நடத்த 1955-ஆம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வேண்டும். படத்தின் உரிமையாளர் அனுமதியும் வேண்டும். செல்லில் மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் படங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் தரப்பட்டவை. அனுமதியில்லாமல் காட்டினால் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு இது தாங்குமா?

காசு வாங்காவிட்டாலும் பொதுவில் காட்ட அனுமதி தேவைதான். படம் வெளிவந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு ஆகிவிட்டால் படத்தின் உரிமை முடிந்துவிடும். ஆனால் பாட்டுக்கும் கதைக்கும் தனி உரிமை இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஒலிபெருக்கிக்கும் 2000-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. பொது இடத்தில் இரவு 10 மணிக்கு மேல் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு அளவு 45 டெசிபல். அது மெதுவாகப் பேசுகிற அளவுதான். ஏழரைக்குத் தொடங்கினால் பத்துக்குள் இரண்டரை மணி நேரம். இன்டர்வெல் விட்டால் நீளமான படம் முடியாது. பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் மார்ச் மாதம் திரையை எடுக்காமல் இருப்பதே நல்லது.

இதையெல்லாம் அந்த அக்காவிடம் எடுத்துச் சொன்னபோது எங்களுக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப மிசினு வேண்டாமுங்க மேடம். துணி மட்டும் நா தெக்கறேன். அதுக்குச் சட்டம் ஒண்ணும் இல்லீங்களே?" என்றார். இல்லை என்றோம்.

குழுவில் 2 ஆயிரம் மட்டும் உள்கடன் எடுத்தார். ஒரு பெட்ஷீட், கறுப்புத் துணி, கயிறு, பைப்பு எல்லாம் சேர்த்து ஒரு திரைக்கு ஆயிரத்துக்குள் அடங்கியது. தையல் மிசின் மகளுடையது. உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் இடுப்புக்குப் பரவாயில்லை என்கிறார். காதுகுத்து, சீர், கல்யாணம் என்று விசேஷ வீட்டில் தங்கள் சொந்த வீடியோவைப் பெரிதாகப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் திரையையும் மூங்கிலையும் வாடகைக்குத் தருகிறார். புரொஜெக்டரை அந்தந்த வீட்டார் டவுனில் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இதுவரை ஏழு வாடகை போயிருக்கிறது, இரண்டு திரை விற்றிருக்கிறது. தறிக்கூலி அளவுக்கு வராது. இதில் பெரிய லாபம் என்று எழுதி உங்களை ஏமாற்ற நாங்கள் தயாரில்லை. ஆடி முழுக்க ஒரு வாடகையும் இல்லை. உள்கடன் மட்டும் முடிந்துவிட்டது.

மூங்கில் விழுந்த அதே பொடக்காளியில், ஐப்பசியில் அவர் வீட்டாரும் சொந்தக்காரர்களுமாக உட்கார்ந்து மகள் சீர் வீடியோவைப் பார்த்தார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார். எண்பது வயது மாமியார், தான் பேத்திக்கு மாலை போடுகிற இடம் வந்ததும், "நிறுத்து கண்ணு, இன்னொருக்கா போடு" என்றார். அந்த இடத்தை மட்டும் நாலு தடவை போட்டார்கள்.

திரையைப் பாதுகாப்பது பற்றி அந்த அக்கா உங்களுக்குச் சொல்லச் சொன்னது: மடித்து வைக்காதீர்கள், மடிப்புக் கோடு முகத்தில் விழும். கீழே செருகிய பைப்பிலேயே பாய் மாதிரிச் சுருட்டி, பழைய சேலையைச் சுற்றி, விட்டத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் வைத்தால் எலி கடிக்கும். அவருடைய முதல் திரையில் இடது மூலையில் ஒட்டுப் போட்டது அதனால்தான்.